சூடேறும் இடத்தில் ஒரு பெயர்

லஃபியாபூகு, பமாகோ, மாலி
3 மார்ச் 1997, திங்கள்

என் அடிமை சுமானா ட்ராவோரேவுக்கு,

உன் எஜமானி தெனின் கோனே எழுதுவது. உயிரோடு இருக்கிறாயா, அல்லது ராட்டர்டாம் குளிரில் விறைத்து நீ கோலால் தட்டி வாசிக்கும் பலாஃபோனின் மரக்கட்டைகளில் ஒன்றாகிவிட்டாயா?

முதலில் உறுதியான செய்தி. நேற்று எங்கள் தெருவில் தையல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு உன் தம்பி ஸாங்காவின் குழுவை அழைக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரன் மொதிபோவை அழைத்தார்கள். சொன்னது ஸாங்கா. நானும் நேரில் பார்த்தேன். மொதிபோ போட்டது உன்னுடைய பழைய கேசட்.

ஸாங்கா கையைக் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு எதிரில் போய் நின்றான்.

“ஏம்பா, இது யாரு வாசிக்கிறதுன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? உங்க அண்ணன்தான். சோறு கேக்க மாட்டாரு, டீ கேக்க மாட்டாரு, கை வலிக்குதும்பாருன்னு பயம் இல்ல. கரண்டு இருந்தா போதும்.”

“கரண்டு போச்சுன்னா?”

கேட்டு வாயை மூடவில்லை, மின்சாரம் போய்விட்டது. பெண்கள் போட்ட கூச்சலை நீ கேட்டிருக்க வேண்டும். ஸாங்கா வீட்டுக்கு ஓடித் தன் ஜெம்பே முழவை எடுத்து வந்தான். பத்து நிமிடம் தெரு உங்கள் வீட்டுச் சொத்தாக இருந்தது. அதற்குள் மொதிபோ எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். செய்தி அவ்வளவுதான்.

இனி உன் கடிதம். இரண்டு பக்கத்தில் மூன்று இடத்தில் ‘சூடேறவே இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஊர்ப் பெண் மார்லூஸ் மெஷினில் தாளம் கட்டித் தருகிறாள், நீ அதன் மேல் வாசிக்கிறாய், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆறிய கஞ்சியாக இருக்கிறது என்கிறாய். வானொலி நிருபர் என்ற முறையில் ஒரே கேள்வி: நீ வாசிக்கும்போது எதிரில் ஆடுவது யார்?

மே மாதத்தோடு உன் விசா முடிகிறது. இசைத்தட்டு முடியாமல் வெறுங்கையோடு வந்து இறங்கினால், உன்னைக் கேலி செய்ய எனக்குச் சாகும்வரை விஷயம் கிடைக்கும். இருந்தாலும் வேண்டாம். முடித்துவிட்டு வா.

உறையின் மேலும் ‘என் அடிமைக்கு’ என்றே எழுதினேன். தபால் நிலையத்தில் இருந்த பெரியவரும் ஒரு ட்ராவோரே, அதாவது கோனே குலத்துக்குக் கேலிமுறை. “அட, கோனேவுக்கு எழுதக்கூடத் தெரியுமா? பயறு திங்க மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்” என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார். உங்கள் ஆட்களுக்குத் தலையில் மூளை இல்லாவிட்டாலும் கையில் பலம் இருக்கிறது.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நீ அங்கே குளிருக்குக் காதை மூடித் தூங்கு.

உன் எஜமானி,
தெனின்

------

ராட்டர்டாம்
14 மார்ச் 1997

பயறு தின்னிக் குலத்தின் தலைவி தெனின் கோனேவுக்கு,

உன் உண்மையான எஜமானன் சுமானா எழுதுவது. யார் அடிமை என்று பிறகு பேசுவோம். கடிதத்தையும் வானொலியில் நீ வாசிக்கும் ஒரு மணிச் செய்தி மாதிரியே எழுதுகிறாயே, வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதும் இப்படித்தானா? ‘குழம்பு தயார் என்று சமையலறை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்றா?

ஆனால் உன் கேள்வி ஆணி அடித்த மாதிரி இறங்கியது. எதிரில் யாரும் இல்லை. அதுதான் விஷயம்.

இங்கே நான் வாசிக்கும் அறை முழுக்க மெத்தை அடித்த சுவர். காதில் ஒரு கருவி, அதில் மெஷினின் தாளம். மார்லூஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவரின் மகள், நல்ல காது உள்ளவள். ஆட்டக்காரியை அழைக்கும் இடம் வந்ததும் நான் கையை எடுத்துவிடுகிறேன். எடுத்த கை எடுத்தபடி நிற்கிறது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இன்னும் யாரும் வரலையே.”

“யாரு வரணும்?”

“ஆடுறவங்க.”

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே தோழிகள் நாலு பேரை அழைத்து வந்தாள். நால்வரும் நன்றாகத்தான் ஆடினார்கள், கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில். யாரும் நடுவில் வரவில்லை. காலால் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்?

அடுத்த சண்டை வேகம் பற்றி. நம் தெருவில் ஒருத்தி வட்டத்துக்குள் இறங்கினால் அவள் காலைப் பார்த்துத் தாளத்தை ஏற்றுவோம். ஏற ஏறச் சூடு. இவள் மெஷின் ஒரே வேகத்தில் நிற்கிறது. ஏற்று என்றால் முடியாது என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நடன அரங்கில் ஓர் இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்த தட்டை அதன் மேல் ஏற்றி ஒட்ட வேண்டுமாம். இரண்டும் ஒரே வேகத்தில் போனால்தான் ஒட்டுமாம். நடுவில் வேகம் மாறினால் ஆடுபவர்கள் கால் இடறும்.

ஒருநாள் ஓர் அரங்குக்குக் கூட்டிப் போனாள். மொட்டை அடித்த பிள்ளைகள் ஆயிரம் பேர். தெனின், நம் ஊர்க் கல்யாணத்தில் கடைசியில், எல்லாரும் பைத்தியமாகும்போது வருகிற வேகம் இருக்கிறதே, இவர்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்! முதல் அடியே உச்சி. உச்சியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். எங்கிருந்து ஏறி வந்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் ஆசையும் வந்தன. இவர்களுக்கு அந்த ஏற்றத்தை மட்டும் ஒருமுறை காட்டிவிட்டால்!

அதனால் கேட்கிறேன். உன் வானொலிப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஸாங்கா வாசிக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போ. ஆறிக் கிடப்பதிலிருந்து சூடேறும்வரை முழுவதையும் பிடித்து அனுப்பு. மார்லூஸ் கேட்கட்டும். நானும் கேட்கிறேன், எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

உன் எஜமானன்,
சுமானா

------

பமாகோ
24 மார்ச் 1997, திங்கள்

என் அடிமைக்கு,

உறுதியான செய்தி: சூடேறியது. ஆதாரம் இந்த உறைக்குள் இருக்கும் கேசட்.

நேற்று பிற்பகல், நியாரெலாவில், மருத்துவமனைச் செவிலி ஒருத்தியின் கல்யாணம். தெருவை மறித்துப் பந்தல், சுற்றிலும் நாற்காலி, நடுவில் வெறும் மண். வெயில் எப்படி என்றால், ஜெம்பேயின் தோலை நெருப்பில் காட்டி இறுக்க வேண்டிய அவசியமே இல்லை, வெயிலே இறுக்கிவிட்டது. ஸாங்காவின் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். வாசித்தார்கள். பெண்கள் விசிறிக்கொண்டார்கள். ஒருத்தி இறங்கி இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மணமகளின் அத்தை, பெரிய உடம்பு, மஞ்சள் உடுப்பு, இறங்கி நின்று ஸாங்காவைப் பார்த்தாள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. கருவி ஓடிக்கொண்டிருப்பதே மறந்துவிட்டது. எழுந்து கத்தினேன்:

“ஏ ட்ராவோரே! பயறு தின்னி! கை ஆறிப்போச்சா? என் அடிமைங்க வாசிக்கிற லட்சணமா இது? சூடேத்துடா!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம் சிரிப்பு. ஸாங்கா தலையைத் தூக்கினான். “கோனே அக்கா! உங்க வீட்டுல பயறு வெந்தா நாலு தெரு மூக்கப் பொத்துது. நீ எனக்குச் சூடு சொல்றியா?” என்று கத்திக்கொண்டே கையை இறக்கினான் பார்.

சுமானா, அந்த அடி! அது என் பெயருக்கு விழுந்த அடி, அவன் பெயருக்கு விழுந்த அடி. அத்தையின் குதிகால் மண்ணைக் குத்தியது. அவன் உடனே பதில் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள், இன்னும் சீக்கிரமாக. அவன் இன்னும் சீக்கிரமாக. மஞ்சள் உடுப்பு காற்றில் நின்றது, கீழே வரவே இல்லை. அதற்குப் பிறகு வரிசை கட்டி இறங்கினார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. ஸாங்காவின் நெற்றியில் நோட்டு ஒட்டினார்கள், வியர்வையில் அது வழுக்கியது, இன்னொன்று ஒட்டினார்கள்.

ஒரு கட்டத்துக்குமேல் கேசட்டில் ஒலி குதிக்கும். பழுது அல்ல. கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். இன்று இரண்டு முழங்காலும் என்னோடு பேசுவதில்லை. ஒரு மணிச் செய்தியை நின்றுகொண்டே வாசித்தேன், உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால்.

கேசட்டைக் கொண்டுவருபவர் துணி வியாபாரி. மரியாதையாகப் பேசு, அவர் ட்ராவோரேவும் அல்ல, கோனேவும் அல்ல.

எப்படி இருந்தது என்று உடனே எழுது. ஆறு மாதம் மாமியார் வீட்டுக்குப் போன பெண் மாதிரி மௌனமாக இருக்காதே.

உன் எஜமானி,
தெனின்

------

ராட்டர்டாம்
8 ஏப்ரல் 1997

பயறு தின்னியே, என் தங்கமே,

நடந்தது! நடந்தேவிட்டது!

கேசட்டைப் போட்டோம். மார்லூஸ் முதலில் நாற்காலியில் சாய்ந்து கேட்டாள். உன் கூச்சல் வந்ததும் நிமிர்ந்தாள். ஸாங்காவின் அடி விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். கேசட் முடிந்ததும் திருப்பி முதலிலிருந்து போட்டாள். இரண்டாம் முறை கேட்டு முடித்ததும் சொன்னாள்: “அந்தக் கூச்சல்தான் கதவு. அதைத் திறந்தா உள்ள போயிடலாம்.”

பத்து நாள் வீட்டுக்குப் போகாத குறையாக வேலை. கீழே அவள் மெஷினின் கனத்த அடி. தரையிலிருந்து வந்து வயிற்றைப் பிடிக்கிறது. மேலே என் பலாஃபோன். நடுவில் உன் குரல், அதற்குப் பின் ஸாங்காவின் ஜெம்பேயைச் சின்னத் துண்டாக வெட்டி ஓடவிட்டிருக்கிறாள். வேகம் மட்டும் ஒரே வேகம்தான். அதில் அவள் இறங்கி வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். இங்கே கேட்டவர்கள் எல்லாரும் குதிக்கிறார்கள். ஒரு சின்ன நிறுவனம் தட்டாக அடிக்கச் சம்மதித்துவிட்டது. மே மாதத்திலேயே! வெறுங்கையோடு வரமாட்டேன், தெனின்!

ஒரு சின்ன மாற்றம் செய்தோம், நீ சிரிப்பாய். உன் கூச்சலில் ‘ட்ராவோரே’யையும் ‘என் அடிமைங்க’ளையும் எடுத்துவிட்டோம். ‘பயறு தின்னி, சூடேத்துடா’ மட்டும் இருக்கிறது. பெயர் தாளத்தில் உட்காரவும் இல்லை, ஒரு மூச்சு கூடுதலாக இழுத்தது. அதைவிட, மார்லூஸ் இது யார் குரல், என்ன அர்த்தம் என்று கேட்டாள். இங்கே ‘அடிமை’ என்ற சொல்லை ஒரு கறுப்பனைப் பார்த்து யாராவது சொன்னால் அறையே உறைந்துபோகும். உனக்கும் எனக்கும் கேலிமுறை, எந்தக் கோனேவும் எந்த ட்ராவோரேவையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லாவிட்டால்தான் தப்பு என்று நான் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிடுவாளோ என்றிருந்தது. ‘யாரோ சந்தையில மீன் விக்கிற அம்மா, எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டேன். கேள்வி முடிந்தது, வேலை நடந்தது.

கேசட் அனுப்புகிறேன். மொதிபோவிடம் கொடுத்து ஒரு கல்யாணத்தில் போடச் சொல். ஸாங்காவும் கேட்கட்டும். தெரு என்ன சொல்கிறது என்று நீ எழுத வேண்டும், ஒன்றையும் மறைக்காமல், உன் வழக்கப்படி.

உன் எஜமானன்,
சுமானா

------

பமாகோ
21 ஏப்ரல் 1997

மதிப்பிற்குரிய திரு. சுமானா ட்ராவோரே அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் 8ஆம் தேதிக் கடிதமும் கேசட்டும் கிடைத்தன. நன்றி.

தாங்கள் கேட்டிருந்த தகவல் பின்வருமாறு. கேசட் நேற்று ஹம்தல்லாயியில் ஒரு கல்யாணத்தில் மொதிபோவின் ஒலிபெருக்கியில் போடப்பட்டது. நான் உடனிருந்தேன், தங்கள் தம்பியும் இருந்தார். கூட்டத்துக்குப் பிடித்தது. இளைஞர்கள் மறுபடி போடச் சொன்னார்கள். நின்ற இடத்திலேயே ஆடினார்கள். வட்டத்துக்குள் யாரும் இறங்கவில்லை.

குரல் வரும் இடத்தில் எனக்குப் பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது: “யாரத் திட்டுறா இவ?” “தெரியலயே. ஒருவேள நம்மளயோ?” வேறு யாரிடமும் கேட்டு உறுதி செய்யவில்லை.

குரலுக்கு உரியவரைப் பற்றித் தாங்கள் அங்கே அளித்த விளக்கத்தைப் படித்தேன். மீன் விற்பது கௌரவமான தொழில். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

தங்கள் இசைத்தட்டு வெற்றி பெற வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தெனின் கோனே
செய்திப் பிரிவு

------

ராட்டர்டாம்
1 மே 1997

தெனின்,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் யார் செத்துவிட்டார்கள் என்றுதான் தேடினேன். கடைசி வரை தேடினேன். செத்தது நான்தான் என்று புரிய இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது.

நீ என்னைத் ‘தாங்கள்’ என்று எழுதிவிட்டாய். நம் ஊர் கோத்தியாலாவில் பள்ளிக்கூட வாசலில் என் மதியச் சோற்றைப் பிடுங்கித் தின்றவள். என் அப்பா இறந்த வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, பாடையை மறித்துக்கொண்டு ‘இந்தக் கடன்காரன் என் பயறு மூட்டையைத் திருப்பிக் கொடுக்காமப் போக முடியாது’ என்று உரிமையோடு சண்டை போட்டு, என் அம்மாவைச் சிரிக்கவைத்தவள். அந்த நீ ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருக்கிறாய்.

உடனே வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர், “அக்கா செய்தி வாசிக்கிறாங்க” என்றார். அரை மணி கழித்து அழைத்தேன். “இன்னும் வாசிக்கிறாங்க.” மாலியில் அவ்வளவு செய்தி எங்கே நடக்கிறது, தெனின்?

சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று மாலையே மார்லூஸிடம் போய், அந்தக் குரல் மீன் விற்கும் அம்மா இல்லை, பொய் சொன்னேன் என்றேன். அது தெனின் கோனே, என் கேலிமுறைக்காரி, நாடே நம்புகிற செய்திக் குரல் என்றேன். வெட்டி எறிந்த சொற்கள் இரண்டையும் சொல்லி அர்த்தமும் சொன்னேன். அவள் முகம் நான் பயந்த மாதிரியே போயிற்று.

“உங்கள அப்படிக் கூப்பிடறாங்களா? நெஜமாவா?”

“ஆமா. நானும் அவள அப்படித்தான் கூப்பிடுவேன். அவ கூப்பிடாம விட்டாத்தான் எனக்குப் பயம். இப்ப விட்டுட்டா. இந்தா பாரு கடிதம்.”

வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். “எங்க அப்பா ஆம்ஸ்டர்டாம்காரங்களப் பத்திப் பேசறத நீங்க கேக்கணும். ரெண்டு ஊருக்கும் கால்பந்து நடக்கிற அன்னிக்குக் காதுல வாங்க முடியாது” என்றாள்.

“பேசி முடிச்சதும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாரா?”

“சேச்சே. அவரு உண்மையாவே திட்டுவாரு.”

“அதான் உங்க ஊரு கோளாறு” என்றேன். அப்போதுதான் சிரித்தாள். சிரித்ததும் புரிந்துகொண்டாள்.

பிறகு கேட்டாள்: “அந்தப் பேர நாம வெட்டினதாலதான் அங்க யாரும் உள்ள எறங்கலையா?” நான் பத்து நாள் கூடவே இருந்து கேட்காத கேள்வி. உன் கேசட்டை மறுபடி போட்டோம். ஸாங்காவின் கை இறங்குவது ‘சூடேத்து’ என்பதற்கு அல்ல, தெனின். ‘ட்ராவோரே’ என்பதற்கு. அந்தப் பெயருக்குத்தான், நீ எழுதியபடி, தலையைத் தூக்கியிருக்கிறான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. நான் வெட்டியது அந்த அடுப்பையே.

திரும்பச் சேர்த்தோம். முழுக் கூச்சலும், உன் மூச்சோடு. அது மெஷினின் கணக்கில் அடங்கவில்லை, போன முறை மாதிரியே பிதுங்கியது. மார்லூஸ் பெயரைச் சுருக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். எதுவும் நீ இல்லை. கடைசியில் கையை விரித்தாள். “சரி, பேரு நகராது. மெஷின்தான் நகரணும்.”

மெஷினில் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. அதை யாரும் பாட்டின் நடுவில் தொடுவதில்லையாம். அவள் அதில் விரலை வைத்தாள். மெத்தை அறையை விட்டு என்னைப் பெரிய அறைக்கு வரச் சொன்னாள். காதில் எதுவும் வேண்டாம் என்றேன். “மெஷினப் பாக்காத, என் மணிக்கட்டப் பாரு” என்றேன். பழைய தோழிகளையே மறுபடி அழைத்தோம். பெயர் வந்தது. அந்த ஒரு மூச்சுக்கு அவள் மெஷினை நிறுத்திப் பிடித்தாள். உன் குரல் மட்டும் அறையில். பிறகு விட்டாள்.

நால்வரில் ஒருத்தி கேப் வெர்டே தீவுக்காரி, பெயர் ஜோசெலீனா. கண்ணைத் திறந்தாள். நேராக நடந்து என் பலாஃபோனுக்கு முன்னால் வந்து குதிகாலைக் குத்தினாள். கேட்டாள், தெனின்! இத்தனை மாதத்தில் முதல்முறையாக இந்த ஊரில் ஒரு கால் என்னைக் கேள்வி கேட்டது! நான் பதில் சொன்னேன். மார்லூஸ் என் மணிக்கட்டைப் பார்த்துத் திருகை ஏற்றினாள். ஜோசெலீனா கேட்டாள், நான் ஏற்றினேன், மெஷின் ஏறியது. மெஷின் ஏறியது! மொட்டைப் பிள்ளைகள் குடியிருக்கும் அந்த உச்சி வரை, நம் வழியாக, ஒவ்வொரு படியாக. முடிந்தபோது மார்லூஸின் விரல் திருகில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

“இத இனிமே எந்தத் தட்டோடயும் ஒட்ட முடியாது” என்றாள்.

“தனியா நிக்கட்டும்.”

நிறுவனத்துக்காரர் தயங்கினார். ஜோசெலீனா அவரை வாசலில் மறித்து ஆட வைத்தாள். ஒத்துக்கொண்டார்.

கேசட்டைத் துணி வியாபாரியிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒன்று: தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தில் குரல் யாருடையது என்று ஒரு வரி அச்சடிக்க வேண்டும். அதை நான் எழுதமாட்டேன். எழுதும் தகுதியை இழந்துவிட்டேன். நீ எழுது. பத்தொன்பதாம் தேதிக்குள் தொலைநகலில் அனுப்பு. எண் பின்பக்கம் இருக்கிறது. முதல் தட்டு 23ஆம் தேதி கைக்கு வரும். என் விமானம் 30.

எழுத விருப்பமில்லை என்றால் தட்டில் உன் குரலே வராது. எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அப்போது சூடும் ஏறாது. ஏறாமலே போகட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எது எழுதினாலும் திட்டி எழுது.

சுமானா

------

பமாகோ
12 மே 1997, திங்கள்

சுமானாவுக்கு,

உறுதியான செய்தி: புதிய கேசட் நேற்று பிற்பகல் லஃபியாபூகுவில் போடப்பட்டது. ஆதாரம்: நான், ஸாங்கா, மொதிபோ, மற்றும் ஒடிந்துபோன ஆறேழு நாற்காலிகள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் கூட்டம் தலையசைத்தது, போன முறை போலவே. ஸாங்கா சுவரில் சாய்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். மெஷின் நின்றது. மொதிபோ கரண்டு போய்விட்டதென்று நினைத்து ஜெனரேட்டரைப் பார்த்து ஓடினான். அந்த நிசப்தத்தில் என் குரல், தெரு முழுக்க: “ஏ ட்ராவோரே! பயறு தின்னி!”

கூட்டத்தில் எத்தனை ட்ராவோரேக்கள் இருந்தார்கள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. பந்தலின் நாலு மூலையிலிருந்தும் பதில் வந்தது. தபால் நிலையப் பெரியவரும் அங்கே இருந்தார்; கைத்தடியைத் தூக்கி, “யாருடி அவ, வெளிய வா பாப்போம்!” என்றார். கோனேக்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குள் மெஷின் திரும்பி வந்துவிட்டது. ஸாங்கா மாம்பழத்தை யார் கையிலோ திணித்துவிட்டு ஜெம்பேக்குப் பாய்ந்தான். கேசட் ஏறியது, அவன் கூடவே ஏறினான். ஒரு பெண் இறங்கினாள், இன்னொருத்தி இறங்கினாள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். கேசட்டில் இருப்பது உன் கையா, எதிரில் இருப்பது உன் தம்பியின் கையா, தரைக்கு அடியில் உதைப்பது அந்தத் துறைமுகக்காரர் மகளின் மெஷினா என்று பிரிக்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை. பெரியவர் கைத்தடியை வீசிவிட்டு ஆடினார்.

முடிந்ததும் மொதிபோ ஸாங்காவிடம் வந்தான். அவனுக்கு ஜூன் 1ஆம் தேதி கல்யாணம்.

“அண்ணே, அன்னிக்கு உங்க குழு வந்து வாசிக்கணும்.”

“ஏன்டா, ஒலிபெருக்கி இருக்கே? சோறு கேக்காது, டீ கேக்காது.”

“ஒலிபெருக்கியும் இருக்கும். நீங்களும் இருக்கணும். என் கல்யாணத்துல கரண்டு போச்சுன்னா?”

இனி நம் விஷயம். நீ பெயரை வெட்டியதற்கு நான் கோபப்படவில்லை. அங்கே அந்தச் சொல் எப்படிக் காதில் விழும் என்பது எனக்கும் புரிகிறது. செய்தி எழுதுகிறவளுக்கு அது புரியாமல் போகாது. ‘எனக்குத் தெரியாது’ என்றாயே, அதற்குத்தான். தெரியாதவளிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி உனக்கு எழுதினேன். எழுதி முடித்தபின் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மரியாதையாகப் பேசுவது எவ்வளவு களைப்பான வேலை!

தொலைபேசியை எடுத்தவர்மேல் தவறில்லை. இரண்டாம் முறை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

காகிதத்தில் அச்சிட வேண்டிய வரியை இன்று காலை தொலைநகலில் அனுப்பிவிட்டேன். மார்லூஸுக்கு அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு. வரி இது: ‘குரல்: தெனின் கோனே, பமாகோ. இந்தத் தட்டில் பலாஃபோன் வாசிக்கும் பயறு தின்னியின் எஜமானி.’

நிலுவையில் இருப்பவை இவை. அந்த வரி அப்படியே அச்சாகிறதா, அல்லது அங்கே யாராவது பயந்து குறைக்கிறார்களா என்பது 23ஆம் தேதி தட்டு வந்ததும் தெரியும். 30ஆம் தேதி விமானத்தில் நீ ஒரு மூட்டைப் பயறோடு இறங்குகிறாயா என்பதை விமான நிலையத்தில் நேரில் சரிபார்ப்பேன். ஜூன் 1ஆம் தேதி மொதிபோவின் பந்தலில், கேசட்டில் இல்லாமல் என் எதிரிலேயே நீ உட்கார்ந்திருக்கும்போது, நான் எழுந்து கத்தினால் உன் கை இறங்குகிறதா என்பது அன்று பிற்பகல் தெரியவரும்.

நான் உன்னை மன்னித்துவிட்டதாக ஸாங்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது உறுதி செய்யப்படாத செய்தி. நம்பாதே, அடிமையே.

உன் எஜமானி,
தெனின்